மழை கொட்டும்போது வெளியே போய்ப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. வாட்சாப்பில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். குரல் பதிவு நீளமானால் நீ பாதியிலேயே நிறுத்திவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம்.

போன வாரம் போனில் நீ பேசியது மனசிலேயே இருக்கிறது. "பேராக்கில் இந்தச் சின்ன ஊர் மாவட்ட மன்றத்தில் வந்து, லோங்காங் சாக்கடையில் அடைத்த பிளாஸ்டிக்கைப் படம் எடுப்பதற்கா எஞ்சினியருக்குப் படித்தேன்" என்றாய். ஆமாம், அதற்கும்தான். பினாங்கில் சாலை கேங்கில் மண்டோராக, அதாவது மேஸ்திரியாக, இருந்தவன் சொல்கிறேன்: தார் வேலை எல்லோர் கண்ணிலும் படும், அந்தத் தாரைக் காப்பாற்றுவது லோங்காங்தான்.

சாலை லாரியால் கெடுகிறது என்பார்கள். பாதிதான் உண்மை. முதலில் ஒரு முடி அளவு வெடிப்பு விழும், அது வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும், அடியிலிருக்கும் கல்லும் மண்ணும் ஊறி இளகும். அதற்கு அப்புறம்தான் லாரி வந்து மிதிக்கிறது. ஓரத்து லோங்காங் நிரம்பி நின்றால் தண்ணீர் பக்கவாட்டிலும் ஊறும். பள்ளத்தை மட்டும் அடைத்துவிட்டுப் போனால் அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே பள்ளம். புகார் கொடுத்தவர் அதே படத்தைத் திரும்ப அனுப்புவார். அவரைக் கோபித்து என்ன பயன்?

பள்ளம் அடைப்பதை ஒருநாள் பக்கத்தில் நின்று பார். சிதைந்த ஓரத்தைச் சதுரமாக வெட்ட வேண்டும், பக்கங்கள் செங்குத்தாக நிற்க வேண்டும். தூசியைக் கூட்டித் தள்ளிவிட்டுத் தார்க் குழம்பு பூசுவார்கள். பூசும்போது அது பழுப்பாக இருக்கும், தண்ணீர் பிரிந்து போனதும் கறுப்பாகும். கறுத்த பிறகுதான் பிரீமிக்ஸ், அதாவது தார் கலந்த கல், கொட்ட வேண்டும். அவசரக்காரர்கள் பழுப்பிலேயே கொட்டிவிடுவார்கள். அது ஒட்டாது, அப்படியே பெயர்ந்து வரும். சாலை மட்டத்துக்குக் கொஞ்சம் மேலேயே நிரப்பி, ஓரத்திலிருந்து நடுவுக்கு இடித்துக்கொண்டு வர வேண்டும். இடிப்பதில்தான் பாதி வேலை. சும்மா கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போகும் காண்ட்ராக்டருக்கு நீ கையெழுத்துப் போடாதே.

தண்ணீர் ஓரத்துக்கு ஓட சாலைக்குக் கொடுக்கும் சரிவைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2.5 விழுக்காடு, அதாவது மீட்டருக்கு 25 மில்லிமீட்டர், நீ படித்ததுதான். ஆனால் பழைய கடைத்தெருக்களில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டிருப்பார்கள். சாலை உயர்ந்து, கடை முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதை தாழ்ந்துபோயிருக்கும். அங்கே தண்ணீர் கடைக்குள்தான் போகும், கடைக்காரர் மன்றத்தைத்தான் திட்டுவார். கருவி இல்லாத இடத்தில் நாங்கள் ஒரு வாளித் தண்ணீரை லோங்காங்கில் ஊற்றி, காய்ந்த இலை ஒன்றைப் போட்டுவிட்டுப் பார்ப்போம். இலை எங்கே நிற்கிறதோ அங்கே தரை மேடு, இல்லாவிட்டால் அடைப்பு. உன் டேப்லட்டில் இருக்கும் வரைபடத்தோடு அதையும் சேர்த்துக்கொள்.

இங்கே எங்களுக்கு இன்னொரு தொல்லை கடல். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் மழை கொட்டினால் லோங்காங் தண்ணீருக்குப் போக வழியில்லை, திரும்பி வரும். 2017 நவம்பர் 4 இரவு உனக்கு ஞாபகம் இருக்கும். காற்றில் மரங்கள் சாய்ந்தன, விடியும்போது தீவில் பாதி இடம் தண்ணீர். எவ்வளவு சுத்தமான லோங்காங்கும் அந்த மழைக்குத் தாங்காது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அடைப்பில்லாத தெருக்களில் தண்ணீர் சீக்கிரம் வடிந்தது. உன் ஊரில் கடல் இல்லை, ஆறு இருக்கிறது. ஆறு நிரம்பினால் அதுவும் இதே வேலையைத்தான் செய்யும். லோங்காங் போய்ச் சேரும் வாயை முதலில் பார்.

யாருடைய சாலை என்ற வழக்கு உனக்குத் தினமும் வரும். ஊர் நடுவே போகும் பெரிய சாலை மத்திய அரசுச் சாலையாக இருக்கலாம், அது ஜேகேஆர் என்ற பொதுப்பணி இலாகாவின் பார்வையில். சாலை எண்ணுக்கு முன்னால் A இருந்தால் பேராக் மாநிலச் சாலை. ஆறும் பெரிய வாய்க்காலும் வடிகால் இலாகா. கழிவுநீர் மேன்ஹோலுக்கு வேறு ஆட்கள். பாவம், ஜனங்களுக்கு இதெல்லாம் எதற்கு? கவுண்டரில் நிற்கிற அத்தையிடம் "இது எங்கள் சாலை இல்லை" என்று சொல்லி அனுப்பாதே. புகாரை வாங்கி நீயே அனுப்பிவிடு. அப்புறம், மாரிஸ் என்ற சாலைப் பதிவுப் பட்டியலை ஒரு தடவை எடுத்துப் பார். அதில் ஏறாத சாலைக்குப் பராமரிப்புப் பணம் வராது. புதுத் தாமான் குடியிருப்புகளில் மன்றம் ஏற்றுக்கொண்டும் பட்டியலில் சேராத சந்துகள் கிடக்கும்.

2024 ஆகஸ்டில் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை உள்வாங்கியதிலிருந்து அம்மா எங்கே போனாலும் குனிந்து தரையைப் பார்த்துத்தான் நடக்கிறாள். மேலே கல் பதித்து அழகாக இருக்கும், கீழே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சாலையைத் தோண்டிக் குழாய் போட்டவர்கள் மூடும்போது நீ அங்கே நில். மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடிக்கிறார்களா, ஒரேயடியாகக் கொட்டுகிறார்களா பார். அமைச்சர் வருகிறார் என்று ஓரக்கல்லுக்குச் சாயம் அடிக்கச் சொல்வார்கள், அதையும் செய், வேறு வழியில்லை. ஆனால் அன்றைக்கு லோங்காங் கேங்கை அதற்கு இழுக்காதே.

அங்கே வயதான பாக்சிக், மலாய்க்காரப் பெரியவர், யாராவது ஸ்டோரில் இருப்பார். எந்த மழைக்கு எந்தச் சந்து முங்கும் என்று அவருக்குத் தெரியும், பைலில் இருக்காது. நன்றாக மழை பிடித்த ஒருநாள் அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றி வா. வெயிலில் பார்த்தால் எல்லா லோங்காங்கும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

தீபாவளிக்கு வர முடியாது என்று இப்போதே சொல்கிறாய். மழைக்காலத்தில் லீவு கேட்பது கஷ்டம்தான், நானும் கேட்டதில்லை. அம்மா முறுக்கு இரண்டு டின் அனுப்புகிறாள். ஒன்று உனக்கு, ஒன்று கேங்குக்கு. கேங் டின்னை ஆபீஸ் மேசையில் வைக்காதே, ஸ்டோருக்குக் கொண்டுபோய் நீயே கொடு. ஆபீஸில் வைத்தால் பத்து மணி தேநீருக்குள் காலியாகிவிடும்.

அன்புடன்,
அப்பா
ஜார்ஜ்டவுன், பினாங்கு