சாரல் ஊருக்கு இந்தச் செடி ஆகாது

ஆஸ்டின், டெக்சாஸ்
ஏப்ரல் கடைசி ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "அது கெடக்கு" என்று பேச்சை மாற்றிவிடுகிறாய், அதனால்தான் எழுதிக் கேட்கிறேன்.

போன வாரம் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, அந்த வெள்ளைப் பூச்செடியின் விதையைக் கொண்டுவா, செங்கோட்டையில் புறவாசலில் போடலாம் என்றாயே. அது முடியாது அம்மா. ஏர்போர்ட்டில் விதைக்கு ஆயிரம் கேள்வி கேட்பார்கள், அது ஒரு பக்கம். நிஜக் காரணம் வேறு.

எங்கள் வீடு இருப்பது சுண்ணாம்புக்கல் மேடு. ஒரு ஜாண் தோண்டினால் சுக்கான், கடப்பாரை போட்டால் டங்கென்று திரும்பி வரும். வந்த புதிதில் நம் வீட்டு நினைப்பில் செம்பருத்தி, ரோஜா எல்லாம் வைத்தேன். மான் வந்து மொட்டோடு மேய்ந்துவிட்டுப் போனது. குற்றாலத்தில் குரங்கு எப்படியோ இங்கே தெருவில் மான் அப்படி, விரட்டினால் நின்று நம்மையே பார்க்கும். தொட்டியில் வைத்த கறிவேப்பிலையும் முருங்கையும் 2021 பிப்ரவரி பனியில் ஒரே வாரத்தில் கருகிப்போயின. கரண்டும் போய் நாங்களே போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தபோது செடியை யார் பார்ப்பது?

இந்தச் செடியைச் சொல்லித்தந்தது எதிர்வீட்டுப் பாட்டிதான். பிளாக்ஃபுட் டெய்சி என்று பேர், டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா, அப்புறம் வடக்கு மெக்சிகோ, இந்த வறண்ட பக்கமெல்லாம் தானாகவே முளைக்கிற காட்டுச்செடி. பூவுக்கு அடியில் பாதம் மாதிரி சின்னச் சின்ன மடல் இருக்கும், முற்றினால் கறுத்துப்போகும், அதனால்தான் கறுப்புப் பாதம் என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஒரு அடி உயரம்கூட வராது, ஆனால் பக்கவாட்டில் இரண்டடி வரை பரந்து மெத்தை மாதிரி உட்கார்ந்துகொள்ளும். மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் தேன் வாசனை. மானுக்கு மட்டும் ஏனோ அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

"நட்டுவிட்டு மறந்துவிடு" என்றார் பாட்டி. நான் மறப்பேனா, உன் மகளாயிற்றே! மூன்று செடி வாங்கிக் குழி தோண்டி, உரம் போட்டு, காலையும் மாலையும் பூவாளியோடு நின்றேன். இலை தொங்கியது. வெயில் தாங்கவில்லை போல என்று இன்னும் ஊற்றினேன். ஒரே மாதத்தில் மூன்றும் அடித்தண்டு அழுகிச் செத்தன. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, வாங்கிய கடை மேல், மண் மேல், பாட்டி மேல்கூட. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்துக் கொழகொழவென்று இருந்தது. நான்தான் ஊற்றியே கொன்றிருக்கிறேன்.

அடுத்த தடவை கார் நிறுத்தும் சிமெண்டுத் தரையை ஒட்டி, நாள் முழுக்க வெயில் காய்கிற இடமாகப் பார்த்து, சரளையும் மணலும் கலந்து கொஞ்சம் மேடாகப் பாத்தி கட்டினேன். உரம் கிடையாது. அடியில் மரச்சிராய் போட்டால் ஈரம் பிடித்துக்கொள்ளும் என்று பொடிக்கல் பரப்பினேன். முதல் கோடையில் மட்டும் வாரம் ஒரு தடவை வேர்வரை இறங்குகிற மாதிரி தண்ணீர், அப்புறம் மண் நன்றாகக் காய்ந்தால்தான். 2023 கோடை உனக்கு நினைவிருக்கும், தினமும் புலம்பினேனே. இந்த ஊரில் தொடர்ந்து 45 நாள் பகல் வெயில் நூறு டிகிரிக்குக் குறையவே இல்லை. பக்கத்து வீட்டுப் புல்தரை வைக்கோல் ஆகிவிட்டது, இது மட்டும் பூத்துக்கொண்டே இருந்தது. மார்ச்சில் தொடங்கினால் நவம்பர் வரை பூக்கும். பிப்ரவரி கடைசியில் பாதிக்குக் கத்தரித்துவிடுவேன், அவ்வளவுதான் வேலை.

இடையில் குடியிருப்புச் சங்கத்திலிருந்து புல்லை எங்கே காணோம் என்று ஒரு கடிதம் வந்தது. தண்ணீர் குறைவாகக் குடிக்கிற செடி வைப்பதைச் சங்கம் ஒரேயடியாகத் தடுக்க முடியாதென்று 2013-லேயே இங்கே சட்டம் வந்திருக்கிறது. இவர் அதைச் சொல்லி, பாத்தியின் படமும் வரைந்து அனுப்பினார். அப்புறம் சத்தமில்லை.

இப்போது சொல், ஆரியங்காவுக் கணவாய்க் காற்றோடு ஆனியிலும் ஆடியிலும் சாரல் அடிக்கிற நம் புறவாசலில், துணிகூடக் காயாத இடத்தில், இது எத்தனை நாள் நிற்கும்? சாரலுக்குத் தப்பினாலும் ஐப்பசி மழை விடாது.

உனக்கு இந்தச் சாதிப் பூதான் வேண்டுமென்றால், கிணற்றடியில் நீ வாராவாரம் ஆள் வைத்துப் பிடுங்குகிறாயே வெட்டுக்காயப்பூண்டு, அது இதற்குச் சொந்தம்தான். அதுவும் மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்ததுதான். ஆடியில் கேரளாக்காரர்கள் கார் போட்டுக்கொண்டு வந்து சுந்தரபாண்டியபுரத்தில் நின்று படம் எடுக்கிறார்களே சூரியகாந்தி, அதன் பூர்வீகமும் இந்த அமெரிக்காதான். நான் கீழே விழுந்து வரும்போதெல்லாம் ஆச்சி அந்தப் பூண்டைத்தான் கசக்கி வைப்பாள். ஓரமாக நாலு செடியாவது விட்டுவை.

டிசம்பரில் வருகிறோம். விதை இல்லை, ஆனால் முட்டிக்குப் போடுகிற பெல்ட் வாங்கி வருகிறேன். தம்பியிடம் சொல்லி முட்டியின் சுற்றளவை டேப் வைத்து எடுத்து அனுப்பச் சொல். வேண்டாம் என்று சொல்லாதே.

உன் மகள்