மனுவை யாரிடம் கொடுப்பது?

ஆசிரியருக்கு,

எல்லை தாண்டி வரும் இந்திய இழுவைமடிப் படகுகளுக்கு எதிராக எமது கடற்றொழிலாளர்கள் யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் மனுக் கொடுக்கும்போதெல்லாம், டில்லி உடனே அசைந்துவிடும் என்றொரு எதிர்பார்ப்புக் கிளம்புகிறது. 2010 இல் திறக்கப்பட்ட அந்த அலுவலகம் கொன்சியூலர் பணிக்குரியது. விசா, கடவுச்சீட்டு, இங்கே கைதாகும் தன் நாட்டு மீனவரைச் சிறையில் சந்திப்பது என, கொன்சியூலர் உறவுகள் பற்றிய 1963 ஆம் ஆண்டின் வியன்னா சமவாயம் (சர்வதேச உடன்படிக்கை) அதற்கு வகுத்த வேலை பெரும்பாலும் இத்தகையதே. மனுவை மேலிடத்துக்கு அனுப்பலாம், அவ்வளவுதான். அரசோடு அரசு பேசுவது கொழும்பிலுள்ள உயர்ஸ்தானிகரின் பொறுப்பு. (பொதுநலவாய நாடுகளுக்கிடையே தூதுவர் நிலையில் இருப்பவர் அவர்தான்.)

சட்டப் பாதுகாப்பிலும் வேறுபாடு பெரிது. தூதுவர்களுக்கென உள்ள 1961 ஆம் ஆண்டின் மற்றொரு வியன்னா சமவாயப்படி தூதுவரைக் கைது செய்யவே முடியாது. கொன்சியூலர் அதிகாரிக்கோ கடமை சார்ந்த செயல்களுக்கு மட்டுமே வழக்கிலிருந்து விலக்களிப்பு. பாரதூரமான குற்றமென்றால் நீதிமன்ற உத்தரவோடு கைது செய்யலாம். விழா மேடையில் பொன்னாடை போர்த்தும் எம்மவருக்கு இந்தத் தரவரிசையெல்லாம் எங்கே தெரியப்போகிறது!

அடுத்த மனுவின் பிரதிகளை உயர்ஸ்தானிகருக்கும் எமது வெளிவிவகார அமைச்சுக்கும் சேர்த்தே அனுப்புமாறு கடற்றொழிலாளர் சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர் ஒருவர்,
கொக்குவில்.