பழைய டீசல் கார்: பழுதுபார்ப்பு வேறு, மாற்றியமைப்பு வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதினைந்து ஆண்டுகளைக் கடந்த டீசல் கார்களை வீட்டு முற்றத்தில் நிறுத்தித் தாமே பழுதுபார்ப்போரையும், அவற்றை விருப்பம்போல உருமாற்றுவோரையும் ஒன்றாகச் சேர்த்துக் குறை கூறும் போக்கு அண்மைக்காலமாகப் பெருகியுள்ளது. குமரி மாவட்டத்தில் இது பலரைத் தொடும் விஷயம் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்து ரப்பர் தோட்டங்களில் உரமும் ஷீட்டும் ஏற்றும் ஜீப்புகளும், தக்கலை, மார்த்தாண்டம் வீடுகளில் இன்றும் நிற்கும் அம்பாசடர், சுமோ போன்றவையும் பெரும்பாலும் கணினி இல்லாத எஞ்சின் கொண்டவை. இன்றைய சர்வீஸ் சென்டர்களில் இவற்றை விட்டால், ஸ்கேனரை எங்கே செருகுவது என்று தேடுகிறார்கள். எஞ்சினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பழைய பம்பைக் காதால் கேட்டே குறை சொல்லும் மெக்கானிக்குகள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்று வருகின்றனர். எனவே சிறு வேலைகளை உரிமையாளரே கற்றுக்கொள்வது பொழுதுபோக்கு என்பதைவிடத் தேவை என்றே சொல்ல வேண்டும்.

அத்தகைய வேலைகளால் சாலையில் புகை குறைகிறது என்பதைக் குறை கூறுவோர் கவனிப்பதில்லை. கரும்புகைக்கு முதற்காரணம் பெரும்பாலும் அடைபட்ட ஏர் ஃபில்டர் அல்லது சொட்டும் நாசில் (எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் முனை). முன்னதை அரை மணி நேரத்தில் வீட்டிலேயே மாற்றிவிடலாம். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தின் ஈரக்காற்றில், பாதி காலியாக நிற்கும் டேங்கில் நீர் சேர்கிறது; டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் அந்த நீரை அவ்வப்போது வடித்துவிடுவதும், ஃபில்டர் மாற்றிய பின் கை பம்பை அடித்து டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதும் (ஏர் எடுப்பது), குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் ஹீட்டர் பிளக்குகளைச் சோதிப்பதும், வால்வுகளின் டாப்பெட் இடைவெளியைச் சரிசெய்வதும் பொறுமையுள்ள எவரும் செய்யக்கூடியவை. கொளச்சல், முட்டம் போன்ற கடலோரப் பகுதிகளில் வசிப்போர் இவற்றைவிட முதலில் தரைத்தகட்டையும் பிரேக் குழாய்களையும் துருவுக்காகப் பார்ப்பது நல்லது.

வீட்டில் தொடவே கூடாத வேலைகளும் உண்டு. "பிக்கப்" கூட்ட வேண்டுமென்று பம்பின் சீலை உடைத்து டீசல் அளவுத் திருகைத் திருப்புவது நம் ஊர்களில் பரவலான பழக்கம்; காற்று போதாத எஞ்சினுக்குள் கூடுதல் டீசலை ஊற்றினால் வருவது புகையும் பிஸ்டனை உருக்கும் வெப்பமுமே. பம்பைச் சோதனை மேடையில் ஏற்றி அளவு வைப்பதற்கென்றே தனிப் பட்டறைகள் இருக்கின்றன. கழற்றிய நாசிலின் தெளிப்பைக் கையை நீட்டிப் பார்ப்போரையும் கண்டிருக்கிறேன். நூறு பார் அழுத்தத்துக்கு மேல் வரும் அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே ஊசிக்குத்து போலத் தெரிந்தாலும் விரலையே அகற்றும் நிலைக்குக் கொண்டுபோகும். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை: பெட்ரோல் எஞ்சினைப் போல டீசல் எஞ்சினின் காற்றுக்குழாயில் வெற்றிடம் கிடைக்காது என்பதால், பிரேக் மிதிக்கும் விசையைப் பெருக்கும் பூஸ்டருக்கான வெற்றிடத்தைத் தனி வாக்குவம் பம்ப் தருகிறது, பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே இருக்கிறது. விலை குறைவு என்று அந்தப் பம்ப் இல்லாத ஆல்டர்னேட்டரை மாட்டினால் பேட்டரி சார்ஜ் ஆகும், ஆனால் பூஸ்டரின் உதவி இல்லாமல் பிரேக் மிதி இறுகி, வண்டியை நிறுத்துவது கடினமாகும். ரோட்டரி வகை டீசல் பம்புக்கு டீசலே மசகு என்பதை அறியாமல் மண்ணெண்ணெய் கலப்போரும் உண்டு. தேங்காய் எண்ணெயை அப்படியே ஊற்றலாம் என்று அறிவுரை கூறுவோர், மார்கழிக் காலையில் தம் வீட்டு எண்ணெய்ப் பாட்டில் எப்படி உறைந்திருக்கிறது என்பதைப் பார்க்கட்டும்.

மாற்றியமைப்பைப் பற்றிச் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாகப் போகும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு என்கிறது. எஞ்சினை மாற்ற வேண்டிய கட்டாயம் வந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியைப் பெற்று, புதிய எண்ணைச் சான்றிதழில் ஏற்ற வேண்டும். ஜீப்பின் கூரையை வெட்டுவதையும், மட்கார்டுக்கு வெளியே துருத்தும் டயர்களையும் பழுதுபார்ப்பு என்ற பெயரில் நியாயப்படுத்துவோருக்காக நான் வாதாடவில்லை. அவர்களால்தான் ஒழுங்காக வண்டி வைத்திருப்பவரும் சோதனையில் நிறுத்தப்படுகிறார்.

அரசுத் தரப்பிலும் செய்ய வேண்டியவை உள்ளன. 2022 ஏப்ரலில் பழைய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. அவ்வளவு கட்டணம் செலுத்துவோருக்கு ஒழுங்கான புகைச் சோதனையாவது கிடைக்க வேண்டும். பிஎஸ் 4 (பாரத் ஸ்டேஜ் 4) எனும் மாசுத் தரநிலைக்கு முந்தைய டீசல் வாகனத்துக்கு, புகையின் அடர்த்தியை அளக்கும் ஹார்ட்ரிட்ஜ் அலகில் 65 என்பது வரம்பு. எஞ்சின் நன்கு சூடான பிறகு ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்து அளக்க வேண்டிய சோதனை இது. குளிர்ந்த எஞ்சினில் அளந்தால் நல்ல வண்டியும் கூடுதலாகப் புகைக்கும். ஐடிலிங்கில் அளந்தால் கெட்ட வண்டியும் தேறிவிடும். சான்றிதழை நீட்டுவதோடு நிற்காமல், வந்த எண்ணையும் அது எதைக் காட்டுகிறது என்பதையும் உரிமையாளருக்கு விளக்குமாறு சோதனை மையங்களுக்கு நாகர்கோவில், மார்த்தாண்டம் போக்குவரத்து அலுவலகங்கள் அறிவுறுத்த வேண்டும்.

கோணத்தில் உள்ள அரசு ஐடிஐ, இயந்திர வகை டீசல் பம்ப், வாக்குவம் பிரேக், பாதுகாப்பாக ஜாக் வைக்கும் முறை ஆகியவற்றை விடுமுறை நாள்களில் குறுகிய பயிற்சியாகப் பொதுமக்களுக்குக் கற்றுத்தரலாம். ஓய்வு பெற்ற மெக்கானிக்குகளையே அதற்கு ஆசிரியர்களாக அழைக்கலாம். வீட்டில் ஆயில் மாற்றுவோர் கழிவு ஆயிலை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் ஓடையிலும் கால்வாயிலும் கொட்டிவிடுவதால் அது குளங்களில் போய்ச் சேர்கிறது. உள்ளாட்சி அமைப்புகள் பேரூராட்சிக்கு ஒன்றாவது கழிவு ஆயில் சேகரிப்பு இடம் ஒதுக்கி, அங்கிருந்து உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பாளர்களுக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.