ராட்டினக் குதிரையின் சாயத்தை உரிக்க வேண்டாம்

செந்தூல், கோலாலம்பூர்

அன்பு நண்பன் தேவாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நீ மறுபடியும் பட்டறைக்குப் போகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே வீட்டில் எல்லோரும் சுகம். பெரியவளுக்கு ஈப்போவுக்கு மாற்றலாகியிருக்கிறது.

இனி உன் பட்டறையில் வந்து இறங்கியிருக்கும், கேளிக்கைப் பூங்காவில் பிள்ளைகள் ஏறிச் சுற்றும் ராட்டினத்தின் மரக்குதிரைக்கு வருகிறேன். சீனப் புத்தாண்டுக்குள் சாயத்தை முழுக்க உரித்து, கார் பெயின்ட் அடித்துத் தரும்படி அதன் முதலாளியான தவுக்கே கேட்கிறார் என்று எழுதியிருந்தாய். தயவுசெய்து உரிக்காதே. அந்தக் குதிரையின் வயதும் ஊரும் பெரும்பாலும் அந்தச் சாய அடுக்குகளில்தான் இருக்கின்றன. உரித்துவிட்டால் யாராலும் அதைத் திரும்ப எழுத முடியாது.

முதலில் எந்தப் பக்கம் வேலைப்பாடு அதிகம் என்று பார். கோயில் குதிரை வாகனத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே அலங்காரம்தான், வீதியின் இருபுறமும் சனம் நிற்குமே. ராட்டினக் குதிரையை வெளியே நிற்பவர்கள் ஒரு பக்கம்தான் பார்ப்பார்கள். அந்தப் பக்கத்தில்தான் பிடரி மயிர், கண்ணாடிக் கற்கள், சேணத்தின் பூ வேலை எல்லாம் இருக்கும். உள்பக்கம் எளிமையாக இருக்கும். இங்கிலாந்து ராட்டினம் வலஞ்சுழியாகச் சுற்றும், அதனால் அங்கே குதிரையின் இடப்பக்கம் அலங்காரப் பக்கம். அமெரிக்க ராட்டினம் இடஞ்சுழி, அங்கே வலப்பக்கம். இந்த ஒன்றை வைத்தே குதிரை எந்த ஊர் என்பதைப் பாதி கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்தது உடல். நல்ல பழைய குதிரை ஒரே கட்டையில் குடைந்ததாக இருக்காது. ஏறத்தாழ 5 செ.மீ. கனமுள்ள பலகைகளை வச்சிரத்தால் (விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை) ஒட்டிப் பெட்டியாகக் கட்டி, உள்ளே கூடாக விட்டு, வெளியே செதுக்குவார்கள். அப்படிச் செய்தால் பாரம் குறையும். முழுக்கட்டை வெளியே ஒரு வேகத்திலும் உள்ளே ஒரு வேகத்திலும் காய்ந்து வெடிக்கும், கூட்டுக்கு அந்தத் தொல்லை குறைவு. தலை, கழுத்து, கால்கள் எல்லாம் தனித்தனியே செய்து, மர ஆணி அடித்துச் சேர்த்தவை. காலைக் கவனி. மரத்தின் இழை காலின் நீளவாக்கில் ஓட வேண்டும். மடங்கிய முன்னங்காலுக்கு முழங்காலில் தனித் துண்டு வைத்திருப்பார்கள். அப்படி வைக்காமல் ஒரே துண்டில் வளைத்துச் செதுக்கினால் குறுக்கிழை வருமிடத்தில் கால் ஒடிந்துவிடும்.

பினாங்கின் பழைய கேளிக்கைப் பூங்காவான நியூ வோர்ல்ட் பார்க்கில் ஓடிய குதிரை என்று விற்றவர் சொன்னாராம். வாய்ச்சொல்லை நம்பாதே. பழசு போலத் தோன்றும்படி சாயத்தைத் தேய்த்து விற்கும் புதுக் குதிரைகளும் சந்தையில் இருக்கின்றன. உண்மையாக ஓடிய குதிரையில் தேய்மானம் காரணத்தோடு இருக்கும்: கை பிடிக்கும் கழுத்து, கால் உரசும் விலா, ஏறும்போது மிதிபடும் இடம். காதின் பின்னாலும் வயிற்றடியிலும் அதே அளவு தேய்ந்திருந்தால் அது உப்புத்தாள் வேலை.

கம்பி போகும் துளையை டார்ச் அடித்துப் பார். ராட்டினத்தின் பாரம் முழுவதையும் மேலே இருக்கும் சட்டங்கள்தான் தாங்கும். நடுவில் அசையாத தூண், அதன் தலையில் ஒரு பேரிங், அதிலிருந்து குடைக்கம்பி போல விரியும் சட்டங்கள், அவற்றிலிருந்து தொங்கும் மேடை. சட்டங்களுக்கு இடையே, குதிரைக் கம்பிகள் தொங்கும் வளைந்த கிராங்க் தண்டுகள். ஒவ்வொரு தண்டின் உள்முனையிலும் உள்ள சிறு பற்சக்கரம், தூணில் அசையாமல் இருக்கும் பெரிய பற்சக்கரத்தின்மேல் உருண்டுகொண்டே போகும். ராட்டினம் சுற்றினாலே கிராங்க் சுழலும், குதிரை ஏறி இறங்கும், அதற்கென்று தனி மோட்டார் கிடையாது. பாரம் சமமாக இருக்க, சில குதிரைகள் ஏறும்போது மற்றவை இறங்கும்படி கிராங்குகளைத் திருப்பி வைத்திருப்பார்கள். இப்படி ஏறி இறங்கிய குதிரையின் துளை ஒரு பக்கமாகத் தேய்ந்து முட்டை வடிவாகியிருக்கும், வயிற்றடியில் இரும்புத் தகடோ அதன் திருகாணித் தடமோ தெரியும். மேடையிலேயே கால் ஊன்றி நின்ற குதிரையாக இருந்தால் குளம்புக்கு அடியில் போல்ட் துளை இருக்கும். 15 மீட்டர் விட்டமுள்ள ராட்டினம் நிமிடத்துக்கு 5 சுற்று சுற்றினால் விளிம்பில் வேகம் மணிக்கு 14 கி.மீ.க்கு மேல். அந்த இழுப்பை ஆண்டுக்கணக்கில் தாங்கியது இந்த மூட்டுகள்தான்.

காலம் குறிக்க உனக்கு உதவும் சில செய்திகள். ஜெர்மனியிலிருந்து போன குஸ்தாவ் டென்சல் 1867-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ராட்டினத் தொழிலைத் தொடங்கினார். அந்தப் பட்டறைக் குதிரைகளில் நரம்பும் தசையும் நிஜக் குதிரை போலவே இருக்கும். சார்ல்ஸ் லூஃப் 1876-இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் தன் முதல் ராட்டினத்தை நிறுவினார். அந்த வட்டாரத்துக் குதிரைகளில் பறக்கும் பிடரியும் தங்க ரேக்கும் கற்களும் அதிகம். இங்கிலாந்தில் கிங்ஸ் லின் ஊர் ஃபிரெடரிக் சாவேஜ் நீராவியால் ஓடும் ராட்டினங்களைச் செய்து பெயர் பெற்றவர். பின்னால் அலுமினியமும் ஃபைபரும் வந்தன. தட்டிப் பார்த்தாலே உன் காதுக்குத் தெரிந்துவிடும்.

சாயத்தை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். சேணத்தின் கீழ் விளிம்பிலோ காதின் பின்னாலோ மூன்று விரல் அகலத்துக்கு இடம் தேர்ந்தெடு. 400 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலோட்டமாகவும் தேய்த்தால் ஒவ்வொரு அடுக்கும் ஒரு வளையமாகத் தெரியும். வெள்ளை அடிப்பூச்சுக்கு மேலே வருவதுதான் பெரும்பாலும் பட்டறையில் அடித்த முதல் சாயம், அதற்கு மேலே உள்ளவை பூங்காக்காரர்கள் பூசியவை. பழைய சாயத்தில் ஈயம் இருக்கும். அதனால் உலர்த்தித் தேய்க்காதே, சூட்டுக் காற்றுத் துப்பாக்கி வைக்காதே, முகக்கவசம் இல்லாமல் தொடாதே. 1922-இல் செய்து, இப்போது புரூக்லினில் ஓடும் ஜேன் வாலெண்டாஸ் அம்மையாரின் ராட்டினத்தில் 48 குதிரைகள். அவர் ஆண்டுக்கணக்கில் கத்தி முனையால் சுரண்டிச் சுரண்டித்தான் பழைய நிறங்களைக் கண்டெடுத்தார். அந்தப் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன்.

மூட்டு விலகியிருந்தால் இடையில் பசையைத் திணிக்காதே. வெதுவெதுப்பான நீரும் சூடும் பட்டால் பழைய வச்சிரம் இளகும். கழற்றி, சுத்தம் செய்து, திரும்ப வச்சிரத்தாலேயே ஒட்டு. ஒரு பங்கு வச்சிரம், இரண்டு பங்கு குளிர்ந்த நீரில் இரவெல்லாம் ஊறட்டும். மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரியில் இளக்கு. கொதித்தால் பலம் போய்விடும். ஆனால் இது ஒன்று: குதிரை மழைச்சாரல் படும் ஐந்தடியில் (கடை முன் நடைபாதையில்) நிற்கப் போகிறதா, ஏர்கோன் அறையிலா என்று தவுக்கேயிடம் முன்னாலேயே கேள். பினாங்குக் காற்றின் ஈரத்தில் வச்சிரம் இளகிப் பூஞ்சை பிடிக்கும். ஏர்கோன் அறையில் மரம் சுருங்கிப் புது மூட்டு வாய் பிளக்கும். எங்கே நிற்கப் போகிறதோ, அந்த ஈரத்துக்கு மரத்தைப் பழக்கிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

உடைந்த காதுக்கும் காலுக்கும் ஜெலுத்தோங் மரம் எடு. அமெரிக்கப் பட்டறைகள் பயன்படுத்திய பாஸ்வுட் மரத்துக்குப் பதிலாக நம் ஊரில் அதைவிடப் பொருத்தமான மரம் கிடையாது. கன மீட்டருக்கு ஏறத்தாழ 460 கிலோ, இழை நேராக ஓடும், உளிக்கு வெண்ணெய். பால் குழாய்ப் பிளவுகள் உள்ள இடத்தைத் தள்ளிவிட்டு அறுத்துக்கொள். கரையானும் துளை வண்டும் விரும்பும் மரம் என்பதால் போராக்ஸ் கரைசல் பூசி நன்றாகக் காயவிடு.

பழைய இரும்பு ஆணி கிடைத்தால் பிடுங்கிவிடு, துரு உப்பி மரத்தைப் பிளக்கும். கார் புட்டி வேண்டாம். மரம் அசையும், புட்டி அசையாது, இடையில் தண்ணீர் தங்கும். எல்லாவற்றையும்விட மோசம் ஃபைபர் துணி சுற்றி ரெசின் பூசுவது. வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே ஈரம் போக வழியில்லாமல் மரம் உளுத்துவிடும்.

துளையின் படம், இரண்டு பக்கப் படம், குளம்படிப் படம், இந்த நான்கையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. அதுவரை தவுக்கேயிடம் வேலை நாள் பேசாதே.

அன்புடன்,
கணேசன்