இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம், பாப்பா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். போனில் பேசினால் பாதியில் உனக்கு ஆபீசிலிருந்து அழைப்பு வந்துவிடுகிறது, சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால் எழுதியே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நிதானமாகப் படி. படித்துவிட்டு மாப்பிள்ளையிடமும் கொடு.

போன தடவை ஓசூரிலிருந்து வரும்போது மேலுமலை இறக்கத்தில் உன் ஆட்டோமேட்டிக் வண்டியின் கியரை ‘என்’னில், அதாவது நியூட்ரலில், தள்ளிவிட்டாய் என்றும், மீட்டரில் மைலேஜ் 99.9 என்று காட்டியது என்றும் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்திலும் அப்படியே செய்யப் போவதாகச் சொன்னாய். அன்றிலிருந்து இது என் மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது. பெட்ரோலை மிச்சம் பிடிக்க நினைப்பது நல்ல புத்தி. ஆனால் அந்த 99.9 உன்னை ஏமாற்றுகிறது.

அந்த எண் எப்படி வருகிறது என்று பார். உன் வண்டி மாதிரி 1200 சிசி பெட்ரோல் எஞ்சின் வண்டியை இழுக்காமல் ஐடிலில் சும்மா ஓடும்போது மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை குடிக்கும். ஏசி போட்டால் இன்னும் கொஞ்சம் கூட. நீ 80 கிலோமீட்டர் வேகத்தில் உருண்டு போகிறாய், எஞ்சின் மணிக்கு முக்கால் லிட்டர் குடிக்கிறது. கணக்குப் போட்டால் லிட்டருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலே வருகிறது. மீட்டருக்கு அதற்கு மேல் காட்டத் தெரியாது, 99.9-இல் நின்றுவிடுகிறது. எண் பெரிதாக இருந்தாலும் எஞ்சின் குடித்துக்கொண்டேதான் இருக்கிறது.

அதே இறக்கத்தில் கியரை ‘டி’யிலேயே, அதாவது டிரைவிலேயே, விட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்திருந்தால் என்ன ஆகும் தெரியுமா? சக்கரம் கியர்பாக்ஸைச் சுற்றும், கியர்பாக்ஸ் எஞ்சினைச் சுற்றும். எஞ்சின் தானாகச் சுழல்கிறது, பெட்ரோல் தேவையில்லை என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குத் தெரியும். உடனே பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை மூடிவிடும். ஒரு சொட்டுகூட உள்ளே போகாது. எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் மேலே நிற்பதைப் பார்த்து ‘ஐயோ, குடிக்கிறதே’ என்று பயப்படாதே. அப்போது எஞ்சினுக்குள் போவது வெறும் காற்று. வேகம் நன்றாகக் குறைந்து ஆர்பிஎம் ஐடில் பக்கத்தில் இறங்கும்போதுதான் மறுபடி பெட்ரோலைத் திறந்துவிடும், இல்லாவிட்டால் எஞ்சின் நின்றுவிடும். காலையில் எடுத்தவுடன் எஞ்சின் சூடாகாமல் இருந்தால் மட்டும் இப்படி மூடாது.

ஆக, நல்ல இறக்கத்தில் நியூட்ரலில் போனால் கொஞ்சம் செலவு, கியரில் போனால் செலவே இல்லை. பத்து நிமிடம் நியூட்ரலில் உருண்டால் நூறு மில்லி அளவுக்குப் பெட்ரோல் போகும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் பத்து ரூபாய்.

உன் தாத்தா காலத்து ஆட்கள் எல்லாரும் நியூட்ரலில்தான் இறங்கினார்கள் என்று நீ கேட்பாய். அது உண்மைதான். அம்பாசிடரிலும் பழைய மாருதி 800-லும் பெட்ரோலைக் காற்றோடு கலந்து விடும் கார்பரேட்டர் இருந்தது. காலை எடுத்தாலும் அது பெட்ரோலை நிறுத்தாது. எஞ்சின் வேகமாகச் சுற்றச் சுற்ற உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த வண்டியில் நியூட்ரல் போட்டால் கொஞ்சம் மிச்சமானது நிஜம். 2000-ஆம் ஆண்டை ஒட்டி நம் ஊர் கார்களில் கார்பரேட்டர் போய், கம்ப்யூட்டர் சொல்லி இன்ஜெக்டர் பெட்ரோல் விடும் எம்பிஎஃப்ஐ வந்தது. கார்பரேட்டர் போனாலும் பழக்கம் போகவில்லை.

ஒரு இடத்தில் உன் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். லேசான சரிவு, கிட்டத்தட்ட சமதளம் என்றால், கியரில் காலை எடுத்ததும் எஞ்சின் வண்டியைப் பின்னால் இழுக்கும், சீக்கிரம் வேகம் குறையும். நியூட்ரலில் ரொம்ப தூரம் உருளும். அங்கே கொஞ்சம் மிச்சமாகலாம். சில விலை உயர்ந்த கார்களில் கம்பெனியே இந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்திருக்கிறது. எப்போது விடுவது, எப்போது திரும்பப் பிடிப்பது என்று அதுவே பார்த்துக்கொள்ளும். பிரேக்கைத் தொட்ட கணத்தில் கியர் சேர்ந்துவிடும். கையால் லீவரைத் தள்ளி நாம் செய்வது அதற்கு ஈடாகாது.

கியர்பாக்ஸ் கெடுமா என்று கேட்டாய் அல்லவா, அதற்கு வருகிறேன். உன்னுடையது டார்க் கன்வர்ட்டர் வகை, எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கடத்தும் ஆட்டோமேட்டிக். அந்தக் கியர்பாக்ஸுக்குள் ஆயில்தான் எல்லாம். கியரைச் சேர்க்கும் பிளேட்டுகளை அழுத்திப் பிடிப்பது ஆயில், குளிர வைப்பது ஆயில், தேய்மானம் வராமல் காப்பதும் ஆயில். அந்த ஆயிலைத் தள்ளும் பம்பை எஞ்சின்தான் சுற்றுகிறது. ‘டி’யில் 80-இல் போகும்போது எஞ்சின் 2000 ஆர்பிஎம் பக்கம் இருக்கும், பம்ப் தாராளமாகத் தள்ளும். ‘என்’னில் போட்டதும் எஞ்சின் 700, 800-க்கு இறங்கிவிடுகிறது. சக்கரத்தோடு சேர்ந்த பாகங்கள் அதே 80 வேகத்தில் சுற்ற, ஆயில் மட்டும் குறைவாக வருகிறது. எஞ்சின் ஓடாமல் முன்சக்கரம் தரையில் உருள வண்டியைக் கட்டி இழுக்கக்கூடாது என்று வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் போட்டிருப்பதும் இதனால்தான். அப்போது பம்ப் அடியோடு நின்றுவிடும்.

அப்புறம் இறக்கம் முடிந்து திரும்ப ‘டி’ போடுகிறாய். எஞ்சின் 800-இல் இருக்கிறது, சக்கரம் அதை 2000-க்கு எதிர்பார்க்கிறது. அந்த இழுப்பில் ஒரு பங்கை உள்ளே இருக்கும் பிளேட்டுகள்தான் வழுக்கி வழுக்கித் தாங்க வேண்டும். வழுக்கினால் சூடு, சூட்டில் ஆயில் கருகும். பட்டறைக்கு வரும் ஆட்டோமேட்டிக் வண்டிகளில் நான் முதலில் செய்வது, ஒரு வெள்ளைத் துணியில் கியர் ஆயிலை ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது. நல்ல ஆயில் மாதுளைச் சாறு மாதிரி சிவப்பாகத் தெளிவாகப் பரவும். கஷ்டப்பட்ட ஆயில் பழுப்பாக, நடுவில் கருப்புப் பொடியோடு நிற்கும், மூக்கருகே கொண்டுபோனால் தீய்ந்த வாடை அடிக்கும். அந்தக் கருப்புப் பொடி பிளேட்டிலிருந்து தேய்ந்து வந்தது.

நீ இதுவரை செய்ததில் ஒன்றும் ஆகியிருக்காது, பயப்படாதே. எப்போதோ ஒரு தடவை கை பட்டு ‘என்’னுக்குப் போனாலும் ஒன்றும் ஆகாது. வழக்கமாக வைத்துக்கொள்வதுதான் தப்பு. மிச்சம் பிடிப்பதாக நினைப்பது பத்து ரூபாய். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரித்து வேலை பார்த்தால் ஆயிரக்கணக்கில் போகும், சில வண்டிக்கு லட்சத்தைத் தொடும்.

உன் தோழியின் ஏஎம்டி வண்டிக்கு இந்த ஆயில் பம்ப் கதை பொருந்தாது. அது சாதாரண கியர்பாக்ஸ்தான், கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் ஒரு மெஷின் செய்கிறது. ஆனாலும் இறக்கத்தில் நியூட்ரல் அவளுக்கும் வேண்டாம். காரணம், கியர்பாக்ஸைவிடப் பெரிய விஷயம் பிரேக். இந்தக் கடிதத்தை எழுத வைத்ததே அதுதான்.

தொப்பூரைப் பற்றி உனக்குத் தெரியும். தர்மபுரியிலிருந்து போனால் பாளையம் டோல்கேட் தாண்டி, கட்டமேடு, இரட்டைப் பாலம் என்று சாலை வளைந்து வளைந்து இறங்கும். 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கேயிருந்து வரும் லோடு லாரி எல்லாம் அந்த வழிதான். டீசல் மிச்சம் என்று சிலர் நியூட்ரலில் விடுகிறார்கள். முப்பது டன் பாரம், பிடித்து இழுக்க எஞ்சின் இல்லை, முழுப் பாரமும் சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உரசி நிறுத்தும் பிரேக் ஷூ மேல். விடாமல் அழுத்தினால் டிரம் சூடேறி விரியும். டிரம் விரிந்தால் ஷூ இன்னும் தள்ளிப் போய்த்தான் தொட வேண்டும். ஷூவின் லைனிங் மேலே கண்ணாடி மாதிரி மினுமினுப்பு ஏறிவிடும், பிறகு எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கும். எஞ்சின் ஐடிலில் இருப்பதால் ஏர் பிரேக்குக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரசரும் மெதுவாக ஓடும். செலவாகும் காற்று அதிகம், வரும் காற்று குறைவு. அப்படி வந்த வண்டிகளின் டிரம்மைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். உள்பக்கம் நீலம் பூத்திருக்கும், குறுக்கே முடி மாதிரி விரிசல் ஓடியிருக்கும். 2020 டிசம்பரில் ஒரு லாரி கட்டுப்பாடு இழந்து வந்து முன்னால் நின்ற பத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை இடித்துத் தள்ளியது. நான்கு உயிர் போயிற்று. நின்றவற்றில் பலவும் உன் வண்டி மாதிரி கார்கள்.

கார் லேசானது, அப்படி ஆகாது என்று நினைக்காதே. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், நடுவில் பிரேக் ஆயில். அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டாட் 4 என்ற வகை ஆயில் புதிதாக இருந்தால் 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியது 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி சேரும், பெடல் மெத்தென்று தரை வரை போகும், பிரேக் பிடிக்காது. ஐந்து பேரும் டிக்கி நிறைய மாங்காய்க் கூடையுமாக இறங்கும்போது பிரேக் படும் பாட்டை யோசித்துப் பார். நியூட்ரலில் போனால் எஞ்சின் கொடுக்கும் பிடி சுத்தமாகப் போய்விடும், எல்லாமே பிரேக் தலையில். இன்னொன்று, பின்னால் ஒரு லாரி தறிகெட்டு வருகிறது, நீ சட்டென்று வேகமெடுத்து ஒதுங்க வேண்டும் என்றால் ஆக்சிலேட்டரை மிதித்தாலும் எஞ்சின் உறுமுமே தவிர வண்டி போகாது. அந்த இரண்டு விநாடியை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

சரி, எப்படி இறங்குவது? இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடு, பாதியில் வேண்டாம். சும்மா ‘டி’யில் விட்டால் வண்டி மேல் கியருக்கே போகும், பிடி குறைவாக இருக்கும். அதனால் லீவரை, நாமே கியர் மாற்றும் ‘எம்’ பக்கம் தள்ளி மூன்றாவது கியருக்குக் கொண்டு வா, இன்னும் செங்குத்தாக இருந்தால் இரண்டாவது. ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்கு என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வார்கள், காருக்கும் அது சரியாகவே இருக்கும். எஞ்சின் சத்தம் ஏறும், 3000, 3500 ஆர்பிஎம் காட்டும். காட்டட்டும், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. பிரேக்கைத் தொட்டுக்கொண்டே போகாதே. தேவைப்படும்போது நன்றாக அழுத்தி வேகத்தைக் குறை, பிறகு முழுதாக விடு, காற்றுப் படட்டும். லாரிக்கு நேர் முன்னால் ஓட்டிக்கொண்டே இருக்காதே. சாவியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் அணைத்துவிடாதே. ஸ்டீயரிங் கல்லாகிவிடும், பிரேக்கும் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு மரக்கட்டை.

தப்பித்தவறி ஓட்டத்தில் ‘என்’னுக்குப் போய்விட்டால் பதறாதே. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடு, லீவரை ‘டி’க்கு மட்டும் கொண்டு வா. ரிவர்ஸான ‘ஆர்’ பக்கமோ பார்க்கிங்கான ‘பி’ பக்கமோ கை போகக் கூடாது. அந்த ‘என்’ ஓட்டத்தில் உதவுகிற இடமும் ஒன்று உண்டு. என்றைக்காவது ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டு வண்டி தானாக வேகமெடுத்தால் உடனே ‘என்’னில் போட்டு பிரேக்கை அழுத்து. மற்றபடி கிருஷ்ணகிரி டோல்கேட்டில் வரிசை நீளமாக இருந்தால் ஹேண்ட்பிரேக் போட்டு ‘என்’னில் வைத்துக்கொள், தப்பில்லை.

மைலேஜ்தான் வேண்டும் என்றால் டயரில் காற்றைச் சரியாக வை. சிக்னலோ டோல்கேட்டோ தூரத்தில் தெரிந்ததும் காலை எடுத்துவிட்டு ‘டி’யிலேயே உருள விடு. 100-இல் பறக்காமல் 80-இல் வா. இதில் வருவதுதான் நிஜமான மிச்சம்.

அடுத்த மாதம் வரும்போது வண்டியை ஒரு காலை நேரம் என்னிடம் விட்டுவிடு. பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றிவிடுகிறேன், பின் டிரம் இரண்டையும் கழற்றிப் பார்க்கிறேன். நீங்கள் சேலம் கிளம்புவது அதற்கு அப்புறம் இருக்கட்டும். முடிந்தால் வெளிச்சத்திலேயே கிளம்புங்கள். அம்மா கேழ்வரகு மாவு அரைத்து வைத்திருக்கிறாள், கூட எதுவும் வேண்டுமா என்று கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா
தர்மபுரி