செவ்வாயில் நீல மணலா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் செவ்வாய்க் கோளின் படங்கள் இரண்டை அருகருகே, ஒரே அளவுக் கட்டத்தில் போட்டிருந்தீர்கள். இடப்பக்கம் மங்கள்யான் எடுத்த முழுக்கோளம். வலப்பக்கம் செவ்வாயைச் சுற்றிவரும் நாசாவின் மார்ஸ் ரீகனைசன்ஸ் ஆர்பிட்டர் கலத்தில் உள்ள ஹைரைஸ் கேமரா எடுத்த மணல்மேடுகள். கீழே ‘செவ்வாயின் நீல மணல்’ என்று ஒரே வரி. அச்சில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஒரு வரிதான் உறுத்துகிறது.

அங்கே மணல் நீலம் இல்லை. ஹைரைஸ் பதிவதெல்லாம் நீலப்பச்சை, சிவப்பு, நம் கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பு ஆகிய மூன்றையும்தான். படமாக்கும்போது அகச்சிவப்பைச் சிவப்பாகவும், சிவப்பைப் பச்சையாகவும், நீலப்பச்சையை நீலமாகவும் மாற்றிப் போடுகிறார்கள். எரிமலைப் பாறை பொடிந்து உண்டான கருமணல் இந்தக் கணக்கில் நீலமாகிவிடுகிறது. இது மோசடி அல்ல. எது தூசி, எது மணல், எது உறைபனி என்று பிரித்தறிய ஆய்வாளர்களுக்கு இப்படித்தான் வசதி. ஆனால் ‘நிறம் மாற்றிக் காட்டப்பட்டுள்ளது’ என்று மூன்று சொல் போடவா இடமில்லை?

அளவு விஷயம் இதைவிட மோசம். செவ்வாயின் விட்டம் ஏறத்தாழ 6,800 கி.மீ. மங்கள்யானின் நீள்வட்டப் பாதை ஒரு முனையில் சுமார் 77,000 கி.மீ. தொலைவுக்குப் போனதால்தான் முழுவட்டமும் ஒரே படத்தில் அடங்கியது. ஹைரைஸோ சுமார் 300 கி.மீ. உயரத்திலிருந்து பார்க்கிறது. அதன் பார்வைப் பட்டை 6 கி.மீ. அகலம், வண்ணம் கிடைப்பது நடுவே ஒரு கி.மீ. சொச்சத்தில் மட்டும். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தரையில் 25, 30 செ.மீ. நீங்கள் போட்ட படத்தின் ஓரத்தில் ஒரு பொட்டும் அதன் வலப்புறம் சிறு கறுப்புக் கோடும் தெரிகின்றனவே, அது பாறையும் அதன் நிழலும். முழுக்கோளத்தையும் இந்த மணல்மேட்டையும் ஒரே அளவுக் கட்டத்தில் அடைத்தால் பள்ளிப் பிள்ளைகள் என்னவென்று புரிந்துகொள்வார்கள்?

அந்தக் கேமரா வேலை செய்யும் விதத்தையும் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போட்டிருக்கலாம். ஜெராக்ஸ் மெஷினில் விளக்குப் பட்டை நகர்வதுபோல, இங்கே விண்கலமே வினாடிக்கு 3 கி.மீ.க்கு மேல் ஓடிக்கொண்டு தரையை வரிவரியாகப் படிக்கிறது. ஒரு வரிக்குக் கிடைப்பது வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குள் வெளிச்சம் போதாது என்பதால் அதே தரைத்துண்டை 128 முறை வரை அடுத்தடுத்துப் பதிந்து கூட்டிக்கொள்கிறது. 2008 மே மாதம் நாசாவின் பீனிக்ஸ் கலம் பாராசூட்டில் தொங்கியபடி செவ்வாயில் இறங்கியதைக்கூட இது பிடித்துவிட்டது!

குறிப்பு தொலைந்த படம் என்ன பாடுபடுத்தும் என்பதற்குப் பழைய கதை இருக்கிறது. 1976இல் நாசாவின் வைக்கிங்-1 கலம் எடுத்த, செவ்வாயின் சைடோனியா பகுதிப் படத்தில் மனித முகம் தெரிந்தது. நிழல் செய்த வேலை என்று சொல்லித்தான் நாசா வெளியிட்டது. விளக்கத்தை விட்டுவிட்டு முகத்தை மட்டும் ஊர் பிடித்துக்கொண்டது. 1998லும் 2001லும் நாசாவின் மார்ஸ் குளோபல் சர்வேயர் கலம் தெளிவாக எடுத்துக் காட்டியபோது அது வெறும் மொட்டைக் குன்று.

ஹைரைஸ் படங்களை வெளியிடும் அரிசோனா பல்கலைக்கழகத்தின் தளத்தில், எந்த உயரத்திலிருந்து எடுத்தது, ஒரு புள்ளி எத்தனை செ.மீ., வெயில் எந்தக் கோணம் என்பதெல்லாம் படத்துக்குப் படம் எழுதியிருக்கிறது. படத்தை எடுக்கும் கையோடு அதையும் எடுத்துப் போடுங்கள். காசு கேட்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
வாசகர், தேனி