மருத்துவ ஆய்வு நிதிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களே, வணக்கம்.

குடும்ப மருத்துவர்களின் க்ளினிக்குகளில் நடக்கும் ஆய்வுகளையும் மருத்துவமனை ஆய்வுகளை அளக்கும் அதே கோலால்தான் அளக்கிறீர்கள். அதை மாற்ற வேண்டும்.

மருத்துவ ஆய்வாளர் கெர் வைட்டும் சகாக்களும் 1961-ல் வெளியிட்ட கணக்கு உங்களுக்குத் தெரிந்ததே. ஒரு மாதத்தில் 1,000 பெரியவர்களில் 250 பேர் மருத்துவரைப் பார்க்கிறார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேர்கிறார்கள். பல்கலைக்கழக மருத்துவமனை வரை போவது ஒருவர். அந்த ஒருவரை வைத்து எழுதிய சிகிச்சை நெறிமுறைதான் 250 பேருக்கும் வந்து சேர்கிறது.

ஒரு பரிசோதனை நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தினரைப் பிடிக்கிறது, நோயற்றவர்களில் 90 சதவீதத்தினரை விலக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதிப்பேருக்கு நோய் உள்ள வார்டில், பாசிட்டிவ் வந்த பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு நோய் இருக்கும். 1,000 பேரில் 20 பேருக்கே நோய் உள்ள க்ளினிக்கில் 18 பேருக்குச் சரியாகவும் 98 பேருக்குத் தவறாகவும் பாசிட்டிவ் வரும். பரிசோதனையில் பழுதில்லை, வருகிறவர்கள்தான் வேறு. அந்த 98 பேரின் பயத்துக்கும் வீண் ஸ்கேன்களுக்கும் யார் பொறுப்பு?

அடுத்தது மாதிரி அளவு, அதாவது ஆய்வில் சேர்க்க வேண்டிய ஆட்களின் எண்ணிக்கை. ஒரே மருத்துவரிடம் வருபவர்களின் முடிவுகள் ஓரளவு ஒத்திருக்கும். ஆட்களைத் தனித்தனியாக அல்லாமல் க்ளினிக்குகளையே குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரிக்கும் ஆய்வில், க்ளினிக்குக்கு 20 பேர், இந்த ஒத்திருப்பை அளக்கும் எண்ணான க்ளினிக்குக்குள்ளான ஒட்டுறவுக் கெழு 0.05 என்றால் 1 + 19 × 0.05 = 1.95, ஏறக்குறைய இரு மடங்கு ஆட்கள் வேண்டும். அதாவது அந்த 20 பேர் தருவது சுமார் 10 பேரின் தகவலைத்தான். க்ளினிக்குக்கு 40 பேர் ஆக்கினாலும் அது 14-ஐத் தாண்டாது. அதனால் புதிய க்ளினிக்குகளைச் சேர்ப்பதே வழி. அதற்குக் கேட்கும் தொகையைத் தயவுசெய்து வெட்டாதீர்கள்.

பல ஆய்வுகள் சறுக்குவது ஆள்சேர்ப்பில். பத்து நிமிடத்துக்குள் நோயையும் பார்த்து ஒப்புதல் படிவத்தையும் மருத்துவரே விளக்க வேண்டும் என்றால், கூட்டமான நாளில் யாரையும் கேட்க மாட்டார். கேட்கும் நாளிலும் சட்டென்று புரிந்துகொள்பவரை, ஒரே நோய் உள்ளவரைத்தான் கேட்பார். முதியவர்களும், மூன்று நான்கு நோய்களோடு வருபவர்களும், படிக்கத் தெரியாதவர்களும் விடுபட்டுப்போவார்கள். காத்திருக்கும் இடத்தில் தனி ஊழியர் ஒருவர் வந்த வரிசைப்படி எல்லோரையும் கேட்க வேண்டும்; மறுத்தவர்களின் எண்ணிக்கையும் பதிவாக வேண்டும். அவர் சம்பளத்துக்குப் பட்ஜெட்டில் தனித் தலைப்பு கொடுங்கள்.

கால அளவும் போதவில்லை. 2018-ல் வந்த தொகுப்பாய்வில், ஒரே மருத்துவரைத் தொடர்ந்து பார்ப்பவர்களிடம் இறப்பு குறைவு என்று 22 ஆய்வுகளில் 18 காட்டின. எல்லாமே கவனிப்பு ஆய்வுகள், அதாவது எதையும் மாற்றிப் பார்க்காமல் நடப்பதைப் பதிவுசெய்பவை. காரணத்தை உறுதிசெய்ய குறைந்தது ஐந்து ஆண்டுகள் பின்தொடர வேண்டும். இரண்டாண்டு நிதியில் அது நடக்காது.

இப்படிக்கு,
குடும்ப மருத்துவ ஆய்வாளர்கள்